செயலி ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது, பொருள் கைக்கு வரவில்லை: முதல் முறை புகார் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவின் முகவரிக்கு ஒரு மிக்சி ஆர்டர் செய்திருந்தேன். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டேன். ஒரு பிற்பகலில், பார்சல் ‘வீட்டில் உள்ளவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று என் கைபேசிக்குச் செய்தி வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். காலையிலிருந்து திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பதாகவும் கீரைக்காரரைத் தவிர யாரும் வரவில்லை என்றும் சொன்னார். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மிகவும் பணிவாக, ‘எங்கள் பதிவுகளின்படி டெலிவரி ஆகிவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்தை நான்கு முறை சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பணம் கடைசியில் திரும்பி வந்தது. ஆனால் 23 நாள் ஆனது. அதில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள், எங்கே, எப்படி, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று தெரியாமலேயே கழிந்தன.

அதன்பின் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று சிலருக்கு இதே சிக்கலில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். செயலியில் பச்சை நிறத்தில் தெரியும் அந்தச் சொல்லை அவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது நிறுவனம் தன் கணக்கில் தானே எழுதிக்கொண்ட ஒரு குறிப்பு. அதை மெய்ப்பிக்க வேண்டிய கடமையும் அந்த நிறுவனத்துக்குத்தான் உண்டு என்ற இடத்திலிருந்து இந்த வழிகாட்டி தொடங்குகிறது. இங்கே சொல்லப்படுபவை இந்தியச் சட்டப்படியானவை.

சட்டம் எதை ஒப்படைப்பு என்கிறது

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தன் 33ஆம் பிரிவில் இதற்கு விடை தருகிறது. பொருள் வாங்கியவரின் வசத்துக்கோ, அவர் சார்பில் பெற்று வைத்துக்கொள்ள அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரின் வசத்துக்கோ வந்து சேர வேண்டும். அல்லது, இன்னது செய்தால் ஒப்படைத்ததாகக் கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அடுத்த தெருவில் யாரோ ஒருவரிடம் கொடுப்பதும், பூட்டிய கேட்டுக்கு வெளியே யாரையும் கேட்காமல் வைத்துவிட்டுப் போவதும் இதற்குள் அடங்கா.

விற்பனையாளர் தரப்பில் வரக்கூடிய ஓர் எதிர்வாதத்தையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் கொடுத்துவிட்டாலே முதல் நோக்கில் வாங்கியவரிடம் கொடுத்ததாகக் கருதலாம் என்கிறது. ஆனால் அது ஓர் ஊகம் மட்டுமே. ஒப்பந்தத்தாலும் வணிக வழக்கத்தாலும் அது மாறக்கூடும் என்று 62ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்து, அதற்குக் கட்டணமும் வாங்கி, கூரியர் நிறுவனத்தையும் உங்களைக் கேட்காமல் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர், ‘லாரியில் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது’ என்று சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கு மேல், 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணைய வழியில் வாங்குபவரையும் வெளிப்படையாக நுகர்வோர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. (மறுவிற்பனைக்காக வாங்குபவர் இதில் சேரமாட்டார்.) அந்தச் சட்டத்தின் 2(11) பிரிவு ‘குறைபாடு’ என்ற சொல்லை வரையறுக்கும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது: நுகர்வோருக்கு இழப்பு ஏற்படுத்தும் கவனக்குறைவும் ஒரு குறைபாடு, அவருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் ஒரு குறைபாடு. இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. பார்சலை யாரிடம் கொடுத்தீர்கள், கையெழுத்து எங்கே, படம் எங்கே என்று நீங்கள் எழுத்தில் கேட்டு, நிறுவனம் காட்ட மறுத்தால், அந்த மறுப்பையே தனியொரு குறைபாடாக நீங்கள் பின்னர் எடுத்துச் சொல்லலாம்.

‘வரவில்லை’ என்பதை நான் எப்படி நிரூபிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வராத ஒன்றுக்கு ஆவணம் இருக்க வழியில்லை. ஒரு தரப்புக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த செய்தியை அந்தத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கொள்கை, சான்றுகளுக்கான சட்டமாகிய, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 109ஆம் பிரிவில் இருக்கிறது. பார்சல் எந்த நேரத்தில் எந்த இடத்தில் ஸ்கேன் செய்யப்பட்டது, ஓ.டி.பி. பதிவானதா, டெலிவரி ஊழியரின் கைபேசி அப்போது எங்கே இருந்தது என்பவையெல்லாம் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும் தகவல்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பொருள் வரவில்லை என்பதை உடனடியாகவும் மாறாமலும் சொல்லியிருப்பதற்கான ஆதாரத்தை உருவாக்கி வைப்பதுதான்.

உங்கள் நிலை எது?

புகார் எழுதும் முன் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பொருள் உங்களிடமோ நீங்கள் சொன்னவரிடமோ வரவேயில்லை என்றால் உங்கள் நிலை மிக வலுவானது. நீங்கள் கேட்காமலேயே பக்கத்து வீட்டில் கொடுத்து, அவர் வாங்கவில்லை என்கிறார் என்றாலும் அதே வலு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனிடம் கொடுக்கப்பட்டிருந்தால் சற்று யோசிக்க வேண்டும். இதற்கு முன் பல முறை உங்கள் பார்சல்களை அவர் வாங்கி வைத்து, நீங்களும் ஆட்சேபிக்காமல் பெற்றிருந்தால், அவருக்கு நீங்கள் மறைமுகமாக அதிகாரம் கொடுத்ததாக நிறுவனம் வாதிட இடமுண்டு. அப்போது குடியிருப்புச் சங்கத்தின் வருகைப் பதிவேடு முக்கியமான ஆதாரமாகிவிடும்.

‘வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்’ என்று செயலியிலோ தொலைபேசியிலோ நீங்களே சொல்லியிருந்தால், வாசலில் வைப்பதே ஒப்படைப்பு என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அங்கிருந்து யாராவது எடுத்துப் போனால் விற்பனையாளரிடம் கேட்பது கடினம். அப்போதும், உங்கள் வாசலில்தான் வைத்தார்கள் என்பதை அவர்கள் காட்ட வேண்டும் என்பது மாறாது. பொருளைக் கையில் வாங்கி வீட்டுக்குள் வைத்த பிறகு திருட்டுப் போயிருந்தால், அது காவல் நிலையத்துக்கு உரிய விஷயம். விற்றவரைக் கேட்பது நியாயமாகாது.

எல்லாவற்றிலும் வலுவைக் குறைப்பது ஓ.டி.பி.யை முன்கூட்டிச் சொல்வது. ‘சார், கீழே நிற்கிறேன், எண்ணைச் சொல்லுங்கள், செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுகிறேன்’ என்று கேட்டதும் அலுவலகத்தில் இருந்தபடியே எண்ணைச் சொல்லிவிடுகிறோம். பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டதற்குச் சமமாக அது பதிவாகும். பார்சல் கண் முன்னால் இல்லாதபோது ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

செய்தி வந்த அன்றே, முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, தொடங்குங்கள். முதலில் வீட்டில் உள்ள அனைவரையும், வாட்ச்மேனையும், இரு பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். மாடிப்படியின் அடியில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. இதை நேர்மையாகச் செய்து முடித்த பிறகுதான் புகார் எழுத வேண்டும். ‘தேடினேன், இன்னின்னாரைக் கேட்டேன்’ என்று எழுதும்போது அந்த வரி உங்களுக்குத் துணை நிற்கும்.

அடுத்ததாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டர் பக்கம், பார்சலின் பயண விவரப் பக்கம், டெலிவரி ஆனதாகக் காட்டும் நேரம், அதோடு வைத்திருக்கும் படம், விற்பனையாளரின் பெயர், பில் என எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், ஏனெனில் செயலியில் இன்று தெரிவது ஒரு மாதம் கழித்து அப்படியே தெரியும் என்று சொல்ல முடியாது. பலரும் விட்டுவிடுவது டெலிவரிப் படம். அம்மாவின் மிக்சிக்கு வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதில் ஓர் இரும்பு ஷட்டரும் சிமெண்டுத் தரையும் தெரிந்தன. எங்கள் வீட்டு வாசலில் ஷட்டர் கிடையாது, திண்ணைதான் உண்டு. உடனே எங்கள் வாசலைப் படமெடுத்து இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பினேன். அதுவரை வந்துகொண்டிருந்த பதிலின் தொனி அதற்குப் பிறகு மாறியது.

கண்காணிப்புக் கேமரா இருந்தால், செயலி சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் உள்ள காட்சியைச் சேமித்துத் தரும்படி அதை நிர்வகிப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான கருவிகளில் சில நாள்களிலோ சில வாரங்களிலோ பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். தாமதித்தால் அந்தக் காட்சி திரும்பக் கிடைக்காது. யாரும் வராத ஒரு மணி நேரத்தைக் காட்டும் காட்சிகூட உங்களுக்கு ஆதாரம்தான்.

டெலிவரி ஊழியரின் எண் இருந்தால் ஒரு முறை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். தவறுதலாக வேறு கதவில் கொடுத்திருந்தால் அன்று மாலையே கொண்டுவந்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரைத் திருடர் என்று பேசுவதோ, அவர் படத்தைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ வேண்டாம். ஒரு நாளில் கணக்கற்ற படிகளை ஏறி இறங்கும் ஒருவருடைய பிழைப்பு அது. குற்றம் யாருடையது என்பது இன்னும் தெரியவில்லை. உங்கள் ஒப்பந்தம் விற்ற நிறுவனத்தோடு இருக்கிறது, கேள்வியும் அங்கேயே போகட்டும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்களை அங்கே ஏற்றி வைத்து, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் செய்து, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாக மட்டுமே தொடர்புகொள்ளுங்கள். ஏமாந்து பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும்

தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். செயலியின் சாட் பகுதியில் புகாரைப் பதிந்து, டிக்கெட் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பல விற்பனையாளர்களுக்கு இடம் தரும் சந்தைத்தளம் ஒவ்வொரு புகாருக்கும் அப்படி ஓர் எண் தந்தாக வேண்டும். சாட் முடியும் முன் அந்த உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாளில் தீர்வு வராவிட்டால், சாட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்காமல் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. வழக்கமாக அது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். எனக்கு வழி திறந்தது இந்தக் கடிதத்தால்தான். சாட்டில் பேசுபவருக்கு முன்னால் எழுதி வைத்த பதில்கள் மட்டுமே இருக்கின்றன; சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்டவருக்கு எழுதும்போது பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபத்தைக் கொட்டி எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில், வேண்டியது என்ன என்பதே தொலைந்துபோகிறது. நான் எழுதிக் கொடுக்கும் வடிவம் ஏறத்தாழ இதுதான்:

‘குறைதீர் அலுவலர் அவர்களுக்கு. இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில், இன்ன பொருளை இவ்வளவு ரூபாய் முன்கூட்டியே செலுத்தி வாங்கினேன். இன்ன தேதி, இன்ன நேரத்தில் அது ஒப்படைக்கப்பட்டதாகத் தங்கள் செயலி காட்டுகிறது. அந்தப் பொருள் என்னிடமோ, நான் அதிகாரம் கொடுத்த எவரிடமோ ஒப்படைக்கப்படவில்லை. வீட்டாரையும் காவலாளியையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்துவிட்டேன். அன்றே இன்ன டிக்கெட் எண்ணில் புகார் செய்தேன். ஒப்படைத்ததாகத் தாங்கள் கூறுவதற்கு ஆதாரமான கையெழுத்து, ஓ.டி.பி. பதிவு, படம், படமெடுத்த இடத்தின் இருப்பிடக் குறிப்பு, பெற்றவரின் பெயர் ஆகியவற்றை எனக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் முழு முகவரியையும் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், அல்லது பொருளை மீண்டும் அனுப்ப வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.’

விற்பனையாளரின் முகவரியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘நாங்கள் வெறும் சந்தைத்தளம், விற்றது வேறொருவர்’ என்பது வழக்கமான பதில். பொருளை வாங்கிய நுகர்வோர் எழுத்தில் கேட்டால், விற்பனையாளரின் தலைமையக முகவரி, கிளைகள், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சந்தைத்தளம் கொடுத்தாக வேண்டும் என்று மின்வணிக விதிகளில் 5ஆம் விதி சொல்கிறது. பின்னால் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க அந்த முகவரி வேண்டும். விற்பனையாளரும் தனியே குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பதால், கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்புங்கள்.

‘எங்கள் உள்விசாரணை முடிந்தது, டெலிவரி சரியாகவே நடந்திருக்கிறது’ என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். யாரை விசாரித்தீர்கள், என்ன ஆதாரம் கிடைத்தது என்று அந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். ‘48 மணி நேரத்துக்குள் சொல்லவில்லை, ஆகவே உங்கள் உரிமை போய்விட்டது’ என்ற பதிலும் வரும். சீக்கிரம் சொல்வது உங்களுக்கு நல்லதுதான். ஆனால், சட்டப்படி உரிமை கோரும் காலத்தைச் சுருக்கும் ஒப்பந்த வரி அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தை அணுகச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 2 ஆண்டு.

பணம் கொடுத்து வாங்கும் முறையில், அதாவது கேஷ் ஆன் டெலிவரியில், பொருள் வராமலே டெலிவரி ஆனதாகக் காட்டினால் உங்களுக்குப் பண இழப்பு இல்லை. இருந்தாலும் ஒரு வரி எழுதிப் பதிந்துவிடுங்கள். அஞ்சல் துறை வழியாக வந்த பார்சல் என்றால், 2023ஆம் ஆண்டின் அஞ்சல் நிலையச் சட்டம் அத்துறையின் பொறுப்பை விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. ஆகவே அஞ்சலகத்தில் புகார் கொடுத்தாலும், பணத்தை விற்றவரிடமே கேளுங்கள்.

1915 என்ற எண்

கடிதத்துக்குப் பலன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 1915 கட்டணமில்லா எண். தேசிய விடுமுறை நாள்கள் தவிர எல்லா நாளும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும், உதவி மையத்தின் இணையதளத்திலும், உமங் செயலியிலும் பதியலாம். ஆர்டர் எண், தொகை, தேதி, ஏற்கெனவே பெற்ற டிக்கெட் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

இந்த மையம் தீர்ப்பு வழங்கும் நீதிமன்றமல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, வழக்குக்கு முன்பே தீர்த்துவைக்க முயலும் ஓர் ஏற்பாடு அது. பெரிய மின்வணிக நிறுவனங்கள் பலவும் இதில் பங்காளிகளாகச் சேர்ந்திருப்பதால் புகார் நேராக அவர்களுடைய தனிப்பிரிவுக்குப் போகிறது. சில ஆயிரம் ரூபாய் பொருள்களில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முடியாவிட்டாலும் இங்கே கிடைக்கும் புகார் எண், நீங்கள் சமரசத்துக்கு முயன்றதற்குச் சான்றாக இருக்கும்.

வங்கி வழியாகவும் கேட்கலாம்

கார்டில் பணம் கட்டியிருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவதைக் கோரலாம். ‘பொருள் வந்து சேரவில்லை’ என்பது கார்டு நிறுவனங்களின் விதிகளில் ஏற்கப்பட்ட ஒரு காரணம். விசா விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். வங்கியின் படிவத்தில் ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்ற கட்டத்தைத் தவறியும் குறிக்காதீர்கள். பணம் கட்டியது நீங்கள்தான், பொருள்தான் வரவில்லை. தவறான காரணத்தைக் குறித்தால் கோரிக்கை அங்கேயே நிராகரிக்கப்படும். யு.பி.ஐ. வழியாகக் கட்டியவர்கள் தங்கள் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்குள்ள புகார்ப் பகுதியில் பதிய வேண்டும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே எழுப்ப வேண்டியது வங்கியின் சேவைக் குறைபாடு. விற்பனையாளர் மீதான குற்றச்சாட்டை அங்கே கொண்டுபோவதில் பயன் இல்லை.

காவல் நிலையம் எப்போது?

சில நிறுவனங்கள் காவல் துறைப் புகாரின் நகலைக் கொண்டுவந்தால்தான் பணம் தருவோம் என்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு அப்படி ஒரு நிபந்தனை எந்தச் சட்டத்திலும் இல்லை என்று பதில் எழுதலாம். ஆனாலும் விலை உயர்ந்த கைபேசி, மடிக்கணினி, நகை போன்றவற்றில் புகார் கொடுத்து வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாத குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. சிறிய தொகைக்கு உடனே முதல் தகவல் அறிக்கை பதிய மறுப்பதற்கு இதுவே காரணம். மனுவில் எவர் பெயரையும் குற்றவாளி என்று எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

குறைதீர் அலுவலருக்கு உரிய ஒரு மாதம் முடிந்தும் பணம் வரவில்லை என்றால் ஆணையத்தின் கதவைத் தட்ட நீங்கள் தயங்க வேண்டியதில்லை. பழைய சட்டத்தில் பெரிய இடையூறு ஒன்று இருந்தது: எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ, சிக்கல் எழுந்த ஊருக்கோ சென்று வழக்குத் தொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் சட்டம் 34ஆம் பிரிவில் அதை மாற்றியது. நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சாதாரண மனிதருக்கு இந்தச் சட்டம் செய்த பேருதவி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

நீங்கள் பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். நேரில் கொடுக்கலாம், இணையத்தில் கொடுக்க, 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. காணொலி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் விண்ணப்பிக்கலாம்.

மனுவில் உங்கள் விவரம், எதிர்த்தரப்புகளின் விவரம், நடந்தவை தேதி வரிசையில், என்ன குறைபாடு, என்ன நிவாரணம் வேண்டும் என்பவை இருக்க வேண்டும். சந்தைத்தளம், விற்பனையாளர் இருவரையும் சேர்த்துவிடுங்கள். கூரியர் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். யார் பொறுப்பு என்பதை அவர்கள் ஆணையத்தின் முன் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பில், பணம் கட்டிய சான்று, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல்கள், உதவி மையத்தின் புகார் எண் ஆகியவற்றுக்கு எண் போட்டு இணைத்து, உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் போன்ற மின்னணு ஆவணங்களுக்கு, அவை எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டன என்று உறுதி கூறும், சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பின்னால் ஆட்சேபணைக்கு இடமிராது.

நிவாரணமாக, கட்டிய தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். 3,000 ரூபாய் மிக்சிக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமான கோரிக்கையின் மீதும் ஐயத்தைக் கிளப்பிவிடும். பட்ட சிரமத்துக்கு ஈடாக, விளக்கக்கூடிய ஒரு தொகையைக் கேளுங்கள்.

எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் மட்டுமே நீட்டிக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் உறுதி செய்தது. பொருளை ஆய்வகத்தில் பரிசோதிக்கத் தேவைப்படாத புகார்களை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்களால் அதைவிட நீளும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அறிவிப்பு கிடைத்ததும் பல நிறுவனங்கள் சமரசத்துக்கு வரும். அப்போது தொகை கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே புகாரைத் திரும்பப் பெறுங்கள். சமரச விவரத்தை ஆணையத்தின் பதிவிலும் எழுதச் செய்யுங்கள்.

உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், 71ஆம் பிரிவின்படி உத்தரவை நிறைவேற்றித் தரவும், 72ஆம் பிரிவின்படி தண்டனை நடவடிக்கை எடுக்கவும் அதே ஆணையத்தில் மனு கொடுக்கலாம். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்த மனுவோடு உத்தரவின் சான்றிட்ட நகலையும், அது எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் இணைக்க வேண்டும். ஆகவே உத்தரவு கிடைத்த வாரத்திலேயே ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.